ஆமையின் ஓடும் அது வாழும் இடமும்

ஆமையின் ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. முதுகெலும்பும் விலா எலும்புகளும் தட்டையாக விரிந்து, தோலுக்கடியில் உருவாகும் எலும்புத் தகடுகளோடு சேர்ந்து மேலோடாகின்றன. மார்புப் பக்கத்து எலும்புகள் அடியோடாகின்றன. இரண்டையும் பக்கவாட்டில் ஓர் எலும்புப் பாலம் இணைக்கிறது. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 எலும்புகள். பெரும்பாலான ஆமைகளில் இவற்றின் மேல் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின் பொருளாலான செதில்கள் பாவியிருக்கின்றன. நட்சத்திர ஆமையின் முதுகில் பெரிய செதில்கள் 13. நடுவரிசையில் ஐந்தும் இருபுறமும் நான்கு நான்குமாக அவை அமைந்திருக்கும். ஓரத்தைச் சுற்றிச் சிறு செதில்கள் வரும். செதிலுக்கும் எலும்புக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய திசு உண்டு. அதில் இரத்தம் ஓடுகிறது, நரம்பும் ஓடுகிறது. ஓட்டில் விரல் வைத்தால் ஆமைக்குத் தெரியும். ஓடு உடைந்தால் வலிக்கும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்தவர்களின் நினைவில் ஆமைக்கு ஓர் இடம் உண்டு. கண்மாய் பெருகும் ஐப்பசி, கார்த்திகையில் பாலாமைகள் கரையேறும். காராமை வாய்க்கால்களிலும் கிணறுகளிலும் இருக்கும். நட்சத்திர ஆமை தண்ணீரை அண்டி வாழ்வதில்லை. மலைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட முள்காட்டிலும் தரிசிலும் மழைக்குப் பிறகு புல் துளிர்க்கும்போது வெளியே வரும். விறகு பொறுக்கப் போனவர்களும் ஆடு மேய்த்தவர்களும் அதைத் துண்டில் முடிந்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

கொண்டுவந்ததை வீட்டுக்குள் விடப் பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழி அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. அதனால் ஆமையின் இடம் பின்கட்டு, துவைகல் ஓரம், மாட்டுத் தொழுவம் என்று ஒதுங்கிப்போனது. சில வீடுகளில் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிக் கிணற்றில் போட்டார்கள். பாலாமையும் காராமையும் நீரில் வாழ்பவை என்பதால் அங்கே தாக்குப்பிடித்தன. நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது. கிணற்றில் விடப்பட்டவை மூழ்கிச் செத்தன. நிலத்து ஆமைக்கும் நீர் ஆமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர ஆள் இல்லாததால் போன உயிர்கள் அவை. காலைப் பார்த்தாலே இது விளங்கிவிடும்: விரலிடைச் சவ்வு இருந்தால் நீர் ஆமை, யானைக்கால் போலத் தூணாக இருந்தால் நிலத்து ஆமை.

கிணற்றுக்குத் தப்பியவற்றுக்குக் கயிறு காத்திருந்தது. ராஜபாளையத்தில் மில் தொழிலாளி ஒருவர் வீட்டுப் பின்கட்டில் எண்பதுகளில் இருந்த ஒரு நட்சத்திர ஆமையின் ஓட்டை அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான பெண் ஆமை. ஓட்டின் பின்விளிம்பில் வாலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு துளை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் போட்ட துளை அது. உள்ளே நைலான் கயிறு. மறுமுனை முருங்கை மரத்தில். துளையைச் சுற்றிச் செதில் கறுத்துச் சுருங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பொடி உதிரும். முகர்ந்தால் மட்கிய வாடை அடிக்கும். கயிறு எட்டும் தூரம் வரை ஆமை நடந்து நடந்து தரையில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருந்தது. "அதுக்கு வலிக்காதா தாத்தா?" என்று பேரன் கேட்டால், "ஓட்டுல ஏதுய்யா வலி, நகத்த வெட்டுற மாதிரிதான்" என்பதே பதில். நல்ல மனிதர், ஆமைக்குத் தினமும் தன் கையால் தீனி வைத்தவர். ஆனால் அந்தக் கம்பி செதிலைத் துளைத்ததோடு நின்றிருக்காது. அடியிலிருந்த எலும்பையும் துளைத்திருக்கும். கயிறு உரசும் ஒவ்வொரு நாளும் அந்தப் புண் புதிதாகியிருக்கும். ஈரமும் மண்ணும் போகும் வழியாக அந்தத் துளை திறந்தே கிடந்தது.

துளைக்கு அடுத்து அதிகம் நடந்த தவறு எண்ணெய். ஓடு மங்கிப்போனதாகத் தோன்றினால் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். எண்ணெய் தூசியையும் அழுக்கையும் பிடித்து வைக்கும். செதில்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அது படிந்தால் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். இன்னும் சிலர் திருவிழாச் சமயத்தில் ஓட்டில் பெயின்ட் அடித்தார்கள். மெல்லிய துணியும் வெதுவெதுப்பான தண்ணீரும் தவிர, நலமான ஓட்டுக்கு மேல்பூச்சாக எதுவும் வேண்டியதில்லை.

ஓட்டின் நலம் வெளியிலிருந்து வருவதல்ல. அது சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தது. உணவில் வரும் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அதை ஆமையின் தோல் சூரிய ஒளியிலுள்ள புற ஊதா பி கதிரைக் கொண்டு தானே தயாரித்துக்கொள்கிறது. கால்சியமோ வெயிலோ குறைந்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். ஆமையின் உடலில் அப்படி எடுக்கக் கிடைக்கும் பெரிய சேமிப்பு ஓடுதான். முதலில் அடியோட்டை அழுத்தினால் நெகிழும். பிறகு மேலோட்டின் விளிம்பு மேல்நோக்கி வளையும். தாடை இளகி இலையைக் கடிக்க முடியாமல் போகும். பின்னங்கால்கள் உடலைத் தூக்க முடியாமல் இழுபடும். குட்டிகளுக்கு இது சில மாதங்களிலேயே வந்துவிடும். சோறும் தயிர்சாதமும் பிஸ்கட்டும் தின்று, அறைக்குள் அட்டைப்பெட்டியில் வளர்ந்த குட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் செத்தன. சன்னலோரம் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரை உள்ளே விடாது. கண்ணாடி வழியாக வரும் வெயில் சூடு மட்டுமே தரும்.

தீனியில் கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு அது ஒன்றும் அரிய பொருளல்ல. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் மட்டையை முள் நீக்கிக் கொடுக்கலாம். கால்சியமும் நீரும் அதில் நிறைய. அருகம்புல், முருங்கைக்கீரை, செம்பருத்தியின் இலையும் பூவும் நல்ல தீனி. பசலைக்கீரை, பாலக்கீரை வகைகளில் ஆக்சலேட் கூடுதல். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும் என்பதால் தினத் தீனியாக ஆகாது. ராஜபாளையத்து மாம்பழக் காலத்தில் வீட்டுக்கு வீடு பழம் குவியும். ஆமைக்கும் தோலும் சதையுமாகப் போடுவார்கள். நட்சத்திர ஆமை காட்டில் உதிர்ந்த பழத்தைத் தின்பதுதான், ஆனால் எப்போதாவது. தினமும் தின்றால் வயிறு கெடும். காய்ந்த புல்லும் நார்ச்சத்தும் அடித்தளம், பழம் அபூர்வம். அழகுக்கு வைக்கும் அரளிச் செடி நச்சு. அதன் இலையோ பூவோ உதிர்ந்து விழாத தூரத்தில் ஆமை இருக்க வேண்டும்.

ஓடு மேடு மேடாக எழும்புவது தனிக் கதை. நட்சத்திர ஆமைக்குச் செதில் நடுவே இயற்கையாகவே ஓரளவு குமிழ் உண்டு. காட்டில் பிடித்த ஆமையிலும் அது தெரியும். வளர்ப்பில் அது அளவு மீறி, ஒவ்வொரு செதிலும் ஒரு கூம்பாக உயர்ந்து, இடையில் ஆழமான பள்ளம் விழும். புரதம் அதிகமானதால் இப்படி ஆகிறது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்த ஆஸ்திரிய ஆய்வாளர்கள், காற்றின் ஈரப்பதத்தின் பங்கே பெரியது என்று 2003இல் வெளியிட்டார்கள். செதில்களின் விளிம்பில் புதிதாக உருவாகும் கெரட்டின் வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்து இறுகுகிறது, வளர்ச்சி பக்கவாட்டில் போக வழியின்றி மேலெழும்புகிறது, அடியெலும்பும் அதையே பின்பற்றுகிறது என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். காட்டில் குட்டிகள் புதருக்கடியில், ஈரச் சருகில், மண்ணில் பாதி புதைந்து கிடப்பதன் பொருள் இதனால் தெளிவாகிறது. எழும்பிய மேட்டைத் தணிக்க மருந்து கிடையாது. நிலைமையைச் சரிசெய்தால் அதன்பின் செதிலில் விழும் வளர்ச்சி வளையங்கள் சமமாக வரும், அவ்வளவுதான். அந்த வளையங்களை எண்ணி வயது சொல்வதும் நம்பத்தக்கதல்ல. தீனி மிகுந்த ஆண்டில் ஒன்றுக்கு மேலும் விழும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். வறட்சி கூடாது என்பதற்காக நசநசவென்று ஈரத்தில் வைத்தால் ஓடு அழுகும். வடகிழக்குப் பருவமழையில் சிமெண்ட் தொட்டிக்குள் சாணமும் தண்ணீரும் தேங்கக் கிடந்த ஆமைகளுக்கு அடியோட்டில் இதுதான் வந்தது. முதலில் செதிலில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு திட்டு. பின் செதில் தளர்ந்து தூக்கும். அதன் கீழ் பாலாடைபோல் ஒரு பொருளும் கெட்ட வாடையும். கடைசியில் எலும்பில் குழி. கிருமி இரத்தத்தில் கலந்தால் அடியோட்டிலும் தோலிலும் சிவந்த புள்ளிகள் படரும். ஆமை தின்பதை நிறுத்திவிடும். தொடக்க நிலையில் மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நீர்த்த பொவிடோன் அயோடினைத் தடவி, உலர்ந்த சுத்தமான இடத்துக்கு மாற்றினால் ஆறும். வாடை வந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஈரம் மண்ணுக்கடியிலும் பதுங்கிடத்திலும் இருக்கட்டும். ஆமை நடக்கும் மேல்தரை காய்ந்தே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் ஆமை வளர்ப்பில் கடினமான வேலை, பெரும்பாலோர் தவறுவதும் இதில்தான்.

ராஜபாளையத்தில் ஓட்டுக்கு இன்னொரு பகை உண்டு. இந்த ஊர் பேர்பெற்றதே வெள்ளை நிற வேட்டை நாயால். தோப்புக் காவலுக்கு வளர்த்த அந்த நாயும் சரி, தெருநாயும் சரி, ஆமையைக் கண்டால் எலும்பைக் கண்டது போலவே கவ்வும். வீட்டு ஆமையின் ஓடு உடையப் பொதுவான காரணங்களில் நாய்க்கடி ஒன்று. வருடக்கணக்காகச் சேர்ந்து பழகிய நாயும் ஒருநாள் கடித்துவிடும். பல் பதிந்த இடம் வெளியில் சிறு குழியாகத் தெரிந்தாலும் உள்ளே எலும்பு நொறுங்கி, நாயின் எச்சில் கிருமி உடற்குழி வரை போயிருக்கலாம்.

உடைந்த ஓட்டை எம்சீல் பசை கொண்டு அடைப்பது பலரும் செய்த வைத்தியம். பார்க்க நேர்த்தியாக இருக்கும். உள்ளே சீழ் வைக்கும். செய்ய வேண்டியது வேறு. சலைன் நீரால் நன்றாகக் கழுவி, நனைத்த காஸ் துணியை வைத்து, மேலே உலர்ந்த துணியைச் சுற்றி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈ மொய்க்க விட்டால் புழு வைத்துவிடும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் தறிகள் நெய்வதே இந்தக் காஸ் துணியும் பேண்டேஜ் துணியும்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது கைக்கெட்டும் பொருள். காயம் சுத்தமானபின் மருத்துவர் துண்டுகளைக் கம்பியாலோ பிடிப்பானாலோ சேர்த்து நிறுத்துவார். எலும்பு கூடப் பல மாதங்கள் ஆகும். பெரிய உடைவு என்றால் ஓராண்டும் தாண்டும்.

உடைந்த ஓடு எவ்வளவு பெரிய ஆமையையும் சாய்க்கும் என்பதற்குக் கொல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையின் அத்வைதா சான்று. ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் அல்டாப்ரா ராட்சத ஆமை அது. 250 வயதுக்கு மேல் என்றார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. 2005இன் பிற்பகுதியில் அதன் ஓட்டில் விரிசல் விழுந்தது. அதன் கீழ்ச் சதையில் புண் உண்டாகி, 2006 மார்ச்சில் இறந்தது. அத்தனை தலைமுறை மனிதர்களைக் கடந்து வந்த உயிர் அது. படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

இனி இடம் பற்றி. அதற்கு முன் எந்த ஆமை என்பது தீர்மானமாக வேண்டும். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு நான்காம் அட்டவணையில் இருந்த இந்த இனம், 2022 திருத்தத்தால் முதல் அட்டவணைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் 2019இல் இதை முதலாம் இணைப்புக்கு உயர்த்தியது. இவ்வளவு கடுமைக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவின் ஒரே ஒரு கடத்தல் மையத்திலிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பாலாமையும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆகவே இன்று கடையில் சட்டப்படி வாங்கக் கிடைப்பவை வெளிநாட்டு இனங்கள். பெரும்பாலும் சுல்காட்டா எனப்படும் ஆப்பிரிக்க முள்தொடை ஆமை. சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால் அதையும் 2024 விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உள்ளங்கையளவு குட்டியைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள், அது 50 கிலோவையும் தாண்டி வளரும், மண்ணைக் குடைந்து வளை தோண்டும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கான இடம் திறந்த வெளியில், செம்மண் தரையில் அமைய வேண்டும். சிமெண்ட் தரையும் டைல்ஸும் அடியோட்டையும் நகத்தையும் தேய்க்கும். வெயிலில் கொதிக்கும், மழையில் குளிர்ந்து ஈரம் தேங்கும். கரிசல் மண் மழையில் சேறாகிக் காலில் அப்பிக்கொள்ளும். கரிசல் வீடு என்றால் ஆமைக்கென ஒரு பகுதியில் செம்மண்ணும் மணலும் கொட்டி மேடாக்குவது நல்லது. ஒன்றரை அடி உயர மறைப்புச் சுவர் வேண்டும். கம்பி வலை கூடாது. வெளி தெரிந்தால் ஆமை நாள் முழுக்க முட்டி மோதும், வலையில் ஓட்டின் விளிம்பும் மூக்கும் கிழியும். சுவரின் அடி தரைக்குள் ஓரடியாவது இறங்கியிருக்க வேண்டும். வளர்ந்த சுல்காட்டாவுக்கு அதற்கும் மேல். குட்டிகளுக்கு மேலே வலை மூடி அவசியம். காக்கை கொத்தும், இரவில் எலி கடிக்கும், கீரி தூக்கிப்போகும்.

உள்ளே வெயிலும் நிழலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ராஜபாளையத்துச் சித்திரை, வைகாசியில் உச்சிவேளை வெயில் ஆமையை ஓட்டுக்குள்ளேயே வேகவைத்துவிடும். அதற்கு வியர்க்காது, நிழலுக்குப் போவதைத் தவிர உடம்பைக் குளிர்விக்க நல்ல வழி இல்லை. செம்பருத்திப் புதர் ஒன்று, உயரமான புல் கொத்து, பாதி மண்ணில் புதைத்த பழைய பானை. பானைக்குள் சருகும் தேங்காய் நார்த்தூளும் இட்டு லேசாக ஈரப்படுத்தி வைத்தால், குட்டிகளுக்கு வேண்டிய ஈரப்பதம் அந்தப் பதுங்கிடத்திலேயே கிடைத்துவிடும். தண்ணீருக்கு ஆழமில்லாத மண் தட்டு போதும். தலை நிமிர்த்தினால் மூக்கு நீருக்கு மேலே நிற்கும் அளவே ஆழம். தினமும் மாற்ற வேண்டும், ஏனென்றால் ஆமை அதிலேயே மலம் கழிக்கும். குட்டிகளை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் உட்கார வைப்பது ஓட்டுக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது. மழைக்காலத்துக்குக் கூரையிட்ட, தரையைவிட உயர்ந்த ஒரு கொட்டில் வேண்டும்.

கற்களையும் படிகளையும் அடுக்கி அழகு செய்யக் கூடாது. ஆமை ஏறி மல்லாந்து விழும். விலா எலும்பு ஓடாகிவிட்டதால் ஆமைக்கு மார்பு விரிந்து சுருங்காது. கால்களின் மேற்பகுதித் தசைகளும் வயிற்றுத் தசைகளும்தான் நுரையீரலை இயக்குகின்றன. மல்லாந்து கிடந்தால் குடலின் பாரம் நுரையீரலை அழுத்தும். வெயிலில் அப்படிச் சில மணி நேரம் கிடந்தாலே இறந்துவிடும்.

நாய் வளர்க்கும் வீட்டில் ஆமைக்குப் பூட்டிய கதவு தேவை. வேறு சமரசம் இதில் இல்லை.

வாரம் ஒருமுறை ஆமையைக் கையில் எடுத்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அடியோட்டை இரு கட்டை விரலாலும் மெல்ல அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். செதில் இடுக்குகளில் புது வளர்ச்சி வெளிர்நிறக் கோடாகத் தெரிவது நல்ல குறி. வாடை, ஒட்டும் ஈரம், தூக்கிய செதில் ஆகியவை தீய குறி. எடையைக் குறித்து வைத்தால் நோய் வெளியில் தெரியுமுன் எண் சொல்லிவிடும். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இப்பகுதிக்கு அருகில், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

முள்காட்டு ஓரத்திலோ செண்பகத்தோப்புச் சாலையிலோ நட்சத்திர ஆமை எதிர்ப்பட்டால், அது போகும் திசையிலேயே சாலையைக் கடக்கவிட்டுப் போய்விடலாம். காயம்பட்டிருந்தால் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும்; சாம்பல் நிற அணில் சரணாலயத்தைப் பார்க்கும் வனத்துறை அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 2021இல் அந்தச் சரணாலயம் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. நெடுநாளாக நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பவர்கள் பயந்து இரவோடிரவாகக் காட்டில் விடுவது தவறு. வீட்டு நோயை அது காட்டு ஆமைகளுக்குக் கொண்டுபோகும். ஈரமலைக் காட்டில் விட்டால் அதற்கு வாழ இடமும் இராது. துறையிடம் கொடுத்தால் தனிமைப்படுத்தி, ஓட்டையும் உடலையும் மருத்துவர் பார்த்த பிறகு, அந்த இனம் வாழும் புதர்க்காட்டில் விடலாமா என்று முடிவு செய்வார்கள்.